எரிக்க ஓர் அட்லஸ்!

"ஐயோ...ஓ...ஓ...!"

ஹாரிங்டன் காலேஜ் லைப்ரரியின் உயரமான கூரையில் மோதித் திரும்பியது அந்த அலறல்.

'உள்ளே பேசக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் மாட்டியிருந்த பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் அலறினாள், பெருக்க வந்த கமலம். விளக்குமாறு ஒரு பக்கம் கிடந்தது. அவள் ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

குடையை மாட்டிவிட்டு அப்போதுதான் நாற்காலியில் உட்காரப் போன லைப்ரேரியன் சவுரியம்மாள் எழுந்து ஓடினாள்.

"இன்னாடி? பாம்பா?"

"பாம்பா இருந்தா நானே அடிச்சிருப்பேன் லைப்ரரிம்மா... ஆளு! ஆளு செத்துக் கெடக்குது!"

கடைசி வரிசை அலமாரிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான் ஒருவன்.

வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. நெற்றிக்கு மேலே ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பக்கத்தில், பைண்டிங் அறையில் புத்தகம் அழுத்தும் பிரஸ்ஸின் இரும்புக் கைப்பிடி உருண்டு கிடந்தது. அவன் இரண்டு கைகளும் ஒரு பெரிய புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தன.

சவுரியம்மாள் முதலில் பார்த்தது புத்தகத்தைத்தான். தொழில் புத்தி!

பழுப்புக் கன்றுத் தோல் பைண்டு. முதுகில் தேய்ந்த தங்க எழுத்து.

அந்த அட்லஸ்...!

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

கோவிந்தசாமி!

அவள் அழவில்லை. மயங்கவும் இல்லை. நறநறவென்று பல்லைக் கடித்தாள்.

"படுபாவி... செத்துட்டியா? உன் வாயால உண்மையைச் சொல்லாமயே செத்துட்டியா!"

கமலம் ஓர் அடி பின்னால் போனாள். பிணத்தைவிட லைப்ரரிம்மாதான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தாள்.

நாலு வருஷத்துக் கோபம் அது. சும்மாவா?

1931-இல் இந்த லைப்ரரிக்கு லைப்ரேரியனாக இருந்தவன் சவுரியம்மாளின் கணவன் சின்னப்பன். இருநூறு வருஷத்துப் பழைய அட்லஸ் ஒன்று இங்கே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வர்ணம் தீட்டியது. ஒருநாள் அது காணாமல் போனது. 'சின்னப்பன் சார் அதை மேல்துண்டில் சுற்றி எடுத்துப் போனதைப் பார்த்தேன்' என்று கமிட்டி முன்னால் சாட்சி சொன்னான், லைப்ரரியில் எடுபிடியாக இருந்த கோவிந்தசாமி. சின்னப்பனுக்கு வேலை போயிற்று. 'திருடன்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அந்த வாரமே அவன் தூக்கு மாட்டிக்கொண்டான்.

சர்ச் கல்லறையில்கூட ஓரமாகத்தான் இடம் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து சவுரியம்மாளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான். கோவிந்தசாமியைக் கமிட்டி முன்னால் நிறுத்த வேண்டும். 'நான் சொன்னது பொய்' என்று அவன் கத்த வேண்டும். அதை அவள் காதால் கேட்க வேண்டும்.

இப்போது அவன் வாய் பிளந்து கிடக்கிறது. ஒரு வார்த்தை வராது!

"சவுரியம்மா... இன்னா சத்தம்?"

பின்னால் மெல்லிய குரல் கேட்டது.

சரித்திரப் புரொபசர் வேலாயுதம். லைப்ரரி கமிட்டி செகரட்டரி. வாசலில் தொங்கும் விதிப் பலகையை எழுதிய மகானுபாவர் அவர்தான். மையால் எழுதாதே, எச்சில் தொட்டுப் புரட்டாதே, ஈரக்கையால் தொடாதே... புத்தகத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பவர். சின்னப்பன் போனபிறகு பிரின்சிபால் துரையிடம் சொல்லி இந்த வேலையைச் சவுரியம்மாளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவருக்கு அவள் மனசுக்குள் ஒரு கோயிலே கட்டி வைத்திருந்தாள்.

பிணத்தைப் பார்த்தார். அட்லஸைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கர்த்தாவே! சின்னப்பன் திருடலைம்மா... இவன்தான் திருடியிருக்கான்! நாலு வருஷம் வெச்சிருந்துட்டு, மனசு கேக்காம திருப்பிக் குடுக்க வந்திருக்கான்..."

இந்து மனுஷன், இவள் முன்னால் மட்டும் 'கர்த்தாவே' என்பார். அவ்வளவு இதம்.

"அப்ப இவனைக் கொன்னது யாரு சார்?"

வேலாயுதம் குரலைத் தாழ்த்தினார். கண்ணில் கருணை வழிந்தது.

"சவுரியம்மா... ஆத்திரத்துல யாருக்கும் கை நீளும். நான் தப்பா நெனைக்கல. போலீஸ்கிட்ட நான் பேசறேன். தூக்குக்குப் போகாம பாத்துக்கறேன்."

அவளுக்குச் சுரீர் என்றது!

*

பிரின்சிபால் அறை டெலிபோனில் கத்தி முடித்த கொஞ்ச நேரத்தில், சைக்கிளில் வந்து இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் ஜான் பாஷா. ஆம்பூர்க்காரர். அப்பாவுக்குத் தோல் மண்டி. தொப்பை கொஞ்சம் ஜாஸ்தி, பேச்சில் மரியாதை கொஞ்சம் கம்மி.

முதலில் வாட்ச்மேன் சத்தாரைப் பிடித்தார்.

"நேத்து இந்த ஆளு வந்தானா?"

"வந்தான் எஜமான். சாயந்திரம், லைப்ரரி மூடறதுக்கு முன்னாடி. இப்ப ஆம்பூர்ல பச்சைத்தோல் கிடங்குல மேஸ்திரியா இருக்கான். அப்டியே ரயிலேறி வந்துட்டான்... இன்னா நாத்தம்ன்றீங்க! லைப்ரரிம்மா உள்ள விடல."

"ஏன்?"

"ரூல் எட்டு எஜமான். பச்சைத்தோல் கிடங்குல வேலை செய்றவங்க குளிச்சு, துணி மாத்தாம உள்ள வரக்கூடாது."

இது தோல் கிடங்குகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் மட்டுமே இருக்கக்கூடிய விதி. பதப்படுத்தாத பச்சைத்தோலில் ஒரு கறுப்பு வண்டு குடியிருக்கும். அதன் புழுவுக்குத் தோல் என்றால் கல்யாணச் சாப்பாடு. கிடங்கு ஆளின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு வண்டு வந்தால் போதும்... லைப்ரரியில் இருக்கிற தோல் பைண்டுகள் அத்தனையும் பொடிப்பொடி!

"சரி... அந்தம்மா அவன்கிட்ட இன்னா பேசிச்சு?"

சத்தார் தலையைச் சொறிந்தான். சவுரியம்மாளைப் பார்க்காமல் சொன்னான்.

"அவன், 'அக்கா, ஒரே ஒரு வார்த்தை'ன்னான். ஒரே இருமல். 'குளிச்சிட்டு வந்தா பேசுவியாக்கா'ன்னு கேட்டான். அதுக்கு இந்தம்மா..."

"இன்னா சொல்லிச்சு?"

"'உன் பொணத்துகிட்ட பேசறேன்'னு..."

ஜான் பாஷா மீசையை நீவிக்கொண்டே திரும்பினார்.

"இன்னாம்மா... பேசியாச்சா?"

சவுரியம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"சொன்னேன். இல்லேன்னு சொல்லல. ஆனா நான் கொல்லல."

"வேற யாருக்கு இவன்மேல காண்டு?"

"எனக்குத்தான். என்னைவிட ஜாஸ்தி யாருக்கும் இருக்க முடியாது. அதனாலதான் சொல்றேன்... இவன் உயிரோட இருந்தாத்தான் எனக்கு லாபம். செத்தவன் வந்து சாட்சியை மாத்திச் சொல்லுவானா?"

ஜான் பாஷா ஒரு வினாடி யோசித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர்களுக்கு நியாயம் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.

குனிந்து அட்லஸைப் பிணத்தின் கையிலிருந்து உருவினார். முன்னும் பின்னும் திருப்பினார். தோல் மண்டிக்காரர் மகன் அல்லவா! விரல் தானாகத் தோலைத் தடவிப் பார்த்தது.

"புரொபசர் சார்... இவன் இத நாலு வருஷம் வெச்சிருந்தான்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"திருடு போறதுக்கு முன்னாடி பாத்ததுதான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

"கிடங்குக் குடியிருப்புல, பச்சைத்தோலுக்குப் பக்கத்துல, நாலு வருஷம் ஒரு தோல் பைண்டு கெடந்தா சல்லடை ஆயிருக்கும் சார். இதுல ஒரு ஓட்டைகூட இல்ல! ஆகவே இது அவன்கிட்ட இல்லவே இல்ல!"

வேலாயுதத்தின் இமை லேசாகத் துடித்தது. உடனே சமாளித்தார்.

"அப்ப... யாருகிட்ட?"

ஜான் பாஷாவின் விரல் நேராகச் சவுரியம்மாளை நோக்கி நீண்டது.

"இதோ! புருஷன் திருடினான். பொஞ்சாதி பூட்டி வெச்சிருந்தா. சாட்சி சொன்னவன் நேத்து வந்தான். அடிச்சுக் கொன்னு, புத்தகத்த அவன் கையில குடுத்துட்டா. அவன் திருடன்... இவ புருஷன் யோக்கியன்! ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! எப்டி சார்?"

வேலாயுதம் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"நான் நம்பமாட்டேன் இன்ஸ்பெக்டர்... ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

கழுத்துக்குக் கயிறு வருவது சவுரியம்மாளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சின்னப்பன் மறுபடியும் திருடனாகிறானே! செத்தவனை இன்னொரு தரம் கொல்கிறார்களே! 

"ஒரே ஒரு தரம் அந்தப் புத்தகத்தைக் கையில குடுங்க சார்."

"எதுக்கு?"

"நான் லைப்ரேரியன். விலங்கு மாட்டற வரைக்கும் அது என் பொறுப்பு."

கொடுத்தார். அவள் வாங்கினாள். பழக்கம்... புத்தகத்தை வாங்கியதும் முதுகை மோந்து பார்ப்பாள். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

மோந்தாள்.

நின்றாள்!

மறுபடி மோந்தாள்.

உடம்பெல்லாம் சில்லிட்டது. கண்ணுக்குள் நெருப்பு ஏறியது.

"சார்... உங்ககிட்டத் தனியாப் பேசணும். பைண்டிங் ரூமுக்கு வாங்க."

*

"இன்னாம்மா, அழப்போறியா?" என்றார் ஜான் பாஷா, கதவைச் சாத்திக்கொண்டே.

"மோந்து பாருங்க."

"ம்... வேப்பெண்ணெய். கற்பூரம். அப்புறம்... இன்னாது, பிரியாணி வாசனை?"

"லவங்கத் தைலம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வண்டுத் தொந்தரவு ஜாஸ்தியாச்சு. அப்ப நானா கலந்து கலந்து பாத்துக் கண்டுபிடிச்ச எண்ணெய் சார் இது. தோல் பைண்டுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் தடவறோம். என் புருஷன் காலத்துல இது கிடையாது."

ஜான் பாஷா நிமிர்ந்தார். இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன புத்தகத்துல... ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச எண்ணெயா?"

"அதான்!"

"அந்த டின் எங்க இருக்கு?"

"இதோ, இந்த பீரோவுல. பூட்டித்தான் இருக்கும்."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு."

"போச்சுடா! அப்ப நீதானேம்மா மறுபடியும்?"

"இன்னொண்ணு செகரட்டரிகிட்ட."

ஜான் பாஷா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"புரொபசரா...?" ஜான் பாஷாவின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "யம்மா, அவரு கலெக்டர் துரையோட டென்னிஸ் ஆடறவரு! எண்ணெய் வாசனைய வெச்சு அவரு மேல கைவெச்சா என் தொப்பி போயிடும். பேஜாராயிடும்! ரெண்டு சாவி, ரெண்டு பேரு. அவரா, நீயான்னு கேட்டா ஜட்ஜு யாரைச் சொல்லுவாரு?"

"என்னைத்தான்."

சவுரியம்மாள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

எத்தனை தடவை அந்த ஆளுக்கு எழுந்து நின்று கும்பிட்டிருப்பாள்! எத்தனை கிறிஸ்துமசுக்குக் கேக் செய்து கொண்டுபோய் அவர் பங்களாவில் கொடுத்திருப்பாள்! அவள் புருஷனின் பிணத்துக்கு மாலை போட்ட கை அது. வேலை வாங்கிக் கொடுத்தது தயவில் அல்ல... நாய்க்குப் பிஸ்கோத்துப் போடுகிற மாதிரி! குரைக்காமல் கிடக்கட்டும் என்று!

அப்புறம் அவள் கண்முன்னால் கோவிந்தசாமியின் தலை வந்தது. படிய வாரிய தலை. வெளுத்த சட்டை. சோப்பு வாசனை.

குளித்துவிட்டு வந்திருக்கிறான்!

நாலு வருஷ ஆத்திரத்தில், எதற்கு வந்தான் என்றுகூடக் கேட்காமல் அவள் விரட்டினாள். அவன் எங்கோ போய்க் குளித்து, துணி மாற்றி, விதியை மதித்துத் திரும்பி வந்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். அவள் மட்டும் அப்போதே காது கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அந்த நினைப்பு அவளைக் குத்தியது. இனி எத்தனை ஜெபம் சொன்னாலும் அது போகாது.

"சார்... அந்த ஆளு மனுஷனைக் கொல்லுவாரு. கண்ணு கலங்காது. ஆனா ஒண்ணை மட்டும் அவரால தாங்க முடியாது."

"இன்னா அது?"

"எனக்கு ஒரே ஒரு ரூலை நிறைவேத்த விடுங்க. அப்புறம் விலங்கு என் கையிலயா, அவரு கையிலயான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவர் காதருகே குனிந்து நாலு வார்த்தை சொன்னாள்.

ஜான் பாஷாவின் கண் விரிந்தது. தொப்பை குலுங்கியது.

"யா அல்லா! நீ பொல்லாத பொம்பளம்மா!"

*

காலேஜ் முற்றம். வேப்பமரத்து நிழலில் மாணவர்களும் வாத்தியார்களும் கும்பல் கூடிவிட்டார்கள். பரீட்சைக் காலம்தான். ஆனாலும் கொலை என்றால் யார்தான் படித்துக்கொண்டிருப்பார்கள்?

நடுவே ஒரு தகரத் தட்டு. அதன்மேல் சிவப்புத் துணியில் கட்டிய பெரிய மூட்டை. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னோடு கமலம்.

"இது இன்னா கூத்து?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் வேலாயுதம்.

சவுரியம்மாள் பணிவாகக் கும்பிட்டாள்.

"ரூல் இருபத்திரண்டு சார். 'தோல் கிடங்கிலிருந்து திரும்பி வரும் புத்தகம் பூச்சி பிடித்ததாகவே கருதப்படும். அன்றைக்கே செகரட்டரி முன்னிலையில் கொளுத்தப்படும்.' நீங்க எழுதினது. அட்லஸைக் கொளுத்தப் போறேன்."

வேலாயுதத்தின் முகம் வெளுத்தது.

"பைத்தியமா உனக்கு? அது... அது கேஸுக்கு எவிடன்ஸ்! இன்ஸ்பெக்டர், சொல்லுங்க!"

ஜான் பாஷா கொட்டாவி விட்டார்.

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே சார். இந்தம்மாதான் கொலைகாரின்னதுக்கு நீங்களே தலையாட்டிட்டீங்க. பூச்சி புடிச்சத ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போனா என் பெல்ட்டையும் தின்னுடும். கொளுத்தட்டும், விடுங்க!"

"கிடங்குல இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேன். ஆனா கிடங்கு ஆளு கட்டிப்புடிச்சிட்டு விடிய விடியக் கெடந்தானே? ஒரு வண்டு போதும் சார்... ரூல்ல அப்டித்தானே இருக்கு?"

"கமலம்! ஊத்துடி!" என்றாள் சவுரியம்மாள்.

குபுகுபுவென்று மண்ணெண்ணெய் சிவப்புத் துணியை நனைத்தது.

வேலாயுதம் உதட்டைக் கடித்தார். கைவிரல்கள் வேட்டி நுனியைக் கசக்கின. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரர்!

சவுரியம்மாள் தீக்குச்சியைக் கிழித்தாள்.

காற்று அணைத்துவிட்டது.

வேலாயுதம் மூச்சு விட்டார்.

இரண்டாவது குச்சி. கையைக் குவித்துப் பிடித்துக் கிழித்தாள். நின்று எரிந்தது!

"இருநூறு வருஷம் சார்..." மூட்டையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். "கையால தீட்டின நீலக் கடல்... தங்கத் தூள் போட்ட கரை... எல்லாம் கருகிச் சாம்பலாப் போயிடும், இல்ல?"

குனிந்தாள். நெருப்பு துணியை நெருங்கியது...

"நிறுத்து!"

முற்றமே அதிர்ந்தது.

"நிறுத்து! ராட்சசி! அதுல பூச்சி கிடையாது!"

"உங்களுக்கு எப்டித் தெரியும் சார்?"

"தெரியும்! ஒவ்வொரு தாளையும் மயிலிறகால தட்டி... எண்ணெய் தடவி, நிழல்ல ஆறவெச்சு, பட்டுத்துணியில சுத்தி... பச்சைக் குழந்தை மாதிரி..."

நின்றார்.

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே இப்போதுதான் கேட்டது. 

"யாரு சார்? யாரு சுத்தி வெச்சது?" என்றார் ஜான் பாஷா, கொட்டாவியெல்லாம் பறந்துபோன குரலில். "இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன்னீங்களே?"

"நான்... பொதுவா... லைப்ரரி வழக்கத்தைச் சொன்னேன்..."

"வழக்கமா!" சவுரியம்மாள் மூன்றாவது குச்சியைக் கிழித்தாள். "அப்ப எரியட்டும்!"

பாய்ந்தார்! அறுபதை நெருங்குகிற மனுஷன், மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட மூட்டையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எரிகிற குச்சியோடு அவர் முகத்துக்கு எதிரே நின்றாள் அவள்.

"சொல்லுங்க. சொன்னா குச்சியை ஊதறேன். சொல்லலேன்னா... நீங்களும் புத்தகமும் சேர்ந்தே எரியலாம்."

"யம்மா, பாத்து..." என்றார் ஜான் பாஷா.  விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை அது.

"நான்தான்... நான்தான் எடுத்தேன்!" வேலாயுதம் விம்மினார். "அந்தக் காலிப்பசங்க எச்சில் தொட்டுப் புரட்டினானுங்க. ஒருத்தன் வங்காளக் கடல்ல மையைச் சிந்தினான்! என்கிட்ட இருந்தாத்தான் அது பொழைக்கும்னு எடுத்துட்டுப் போனேன். பழி யாருமேலயாவது விழணுமே..."

"கோவிந்தசாமி ஏன் பொய் சொன்னான்?"

"அலமாரிக்கு நடுவுல பீடி புடிச்சான். நான் பாத்துட்டேன். 'லைப்ரரிக்கு நெருப்பு வைக்கப் பாத்தான்'னு ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்னேன். பயந்து சொல்லிட்டான்."

"நேத்து?" தீரப்போன குச்சியிலேயே அடுத்த குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டாள்.

"சத்தார் டீ குடிக்கப் போயிருந்தான். நீ வீட்டுக்குப் போயிட்டே. நான் மட்டும் லைப்ரரியில இருந்தேன். ஈரத்தலையோட வந்து நின்னான். 'நெஞ்சு அரிச்சுப்போச்சு சார், ரொம்ப நாள் இருக்கமாட்டேன். அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டுத்தான் சாவேன்'னான். 'அக்கா உள்ளதான் இருக்கா'ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்..."

"கூட்டிட்டுப் போய்?"

"இரும்புக் கைப்பிடியால... ஒரே அடி... பங்களாவுல இருந்து அட்லஸைக் கொண்டுவந்து அவன் கையில வெச்சேன். எப்படியும் லைப்ரரிக்குத்தானே திரும்பி வரும்... என் சாவியிலதானே இருக்கும்னு..."

புத்தகத்தையா, பெற்ற பிள்ளையையா சொல்கிறார் என்று தெரியாத அளவுக்கு உருகினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் சவுரியம்மாள். குச்சி அவள் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை. "என் புருஷன் பேரைச் சொல்லி, அவரு யாருன்னு சொல்லுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டுனீங்களே, அத மாதிரி அத்தனை பேரு காதுலயும் விழணும்."

"சின்னப்பன்... திருடன் இல்ல..."

"சத்தமா!"

"சின்னப்பன் திருடன் இல்ல! திருடன் நான்!"

குச்சியை ஊதி அணைத்தாள்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. கமலம் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜான் பாஷா விலங்கை எடுத்தார்.

"எழுந்திரு புரொபசர்."

வேலாயுதம் எழுந்திருக்கவில்லை. மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு விசித்திரமான திருப்தி.

"தூக்குல போடுங்க... பரவாயில்ல. இதைக் காப்பாத்திட்டேன். எனக்கு அது போதும்."

சவுரியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எதைக் காப்பாத்துனீங்க சார்? அவுத்துப் பாருங்க."

அவர் முடிச்சை அவிழ்த்தார்.

அட்லஸ் இல்லை!

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த தடித்தடிப் புத்தகங்கள். எல்லாம் ஒரே புத்தகத்தின் பிரதிகள். அட்டையில் பளபளவென்று பெயர்: 'வடஆற்காட்டுச் சரித்திர மஞ்சரி. இயற்றியவர்: புரொபசர் வேலாயுதம்.'

"அட்லஸ் பத்திரமா சப்-இன்ஸ்பெக்டர் சார் பையில இருக்கு," என்றாள் அவள். "எத்தனை பேரு கைபட்டாலும் சரி, கேஸ் முடிஞ்ச மறுநாளே அதை மேஜைமேல விரிச்சு வெக்கப் போறேன். இது நீங்க எழுதின புத்தகம் சார். செகரட்டரின்ற அதிகாரத்துல லைப்ரரி தலையில கட்டினீங்களே. வந்த நாள்ல இருந்து ஒரு ஈ காக்கா எடுக்கல. யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழிச்சுக் கட்டலாம்னும் நீங்கதான் ரூல் எழுதியிருக்கீங்க. நான் ரூலை மீறல!"

கூட்டத்தில் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் முற்றமே சிரித்தது. தூக்கு என்றபோதுகூடத் திருப்தியாக இருந்த வேலாயுதத்தின் முகம் இப்போதுதான் நொறுங்கியது.  கையை நீட்டினார், விலங்குக்கு.

ஜான் பாஷா பூட்டினார். ஒரு மஞ்சரியைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"யம்மா... சென்ட்ரல் ஜெயில்ல சாரு சும்மாதானே உக்காந்திருக்கப் போறாரு? பொழுதுபோக இதுல ஒண்ணைக் குடுத்து அனுப்பட்டுமா?"

சவுரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வேணாம் சார்... சட்டத்துல தூக்குதான் இருக்கு. சித்திரவதை கிடையாது!"